கோப்பையில் எழுதியிருந்த பெயர்

எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை இருக்கிறது. சாதாரண டம்ளரைவிட ஒன்றரை மடங்கு தேநீர் பிடிக்கும். இந்தப் பக்கம் பார்த்தால் நேற்றுதான் கடையில் வாங்கியது போலப் பளபளவென்று இருக்கும். திருப்பினால் கண்றாவி. குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள், அவற்றுக்கு நடுவே ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் நீலம். வீட்டுக்கு வருகிறவர்கள், இதை ஏன் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பார்கள். கை தவறிக் கீழே விழுந்துவிட்டது என்று எதையாவது சொல்லி வைப்பேன். விழுந்தால் உடையுமே தவிர இப்படிக் கீறாது என்பது கேட்பவர்களுக்கும் தெரியும். அந்த இடத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது.

கோப்பை வந்த இடம் அடையாறில் தூங்குமூஞ்சி மரங்கள் நிறைந்த ஒரு தெருவில் இருந்த பள்ளிக்கூடம். இன்டர்நேஷனல் ஸ்கூல். தூதரகங்களிலும் பெரிய கம்பெனிகளிலும் வேலை பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களின் பிள்ளைகள் படித்த இடம். அங்கேதான் நானும் படித்தேன். பட்டினப்பாக்கம் கடற்கரையில் கூடை வைத்து மீன் விற்கிறவளின் மகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதவர்கள் கிடையாது. எங்கள் குப்பத்தில் எல்லோரும் கடலுக்குப் போனார்கள், என் அப்பா மட்டும் ஸ்டியரிங் பிடித்தார். அந்தப் பள்ளியின் வேனை ஓட்டினார். ஊழியர்களின் பிள்ளைகளில் ஒன்றைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்று பள்ளி முடிவு செய்தபோது, துணை முதல்வராக இருந்த பெண்மணி என்னைக் கை காட்டினார். மயிலாப்பூர்க்காரர். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவரை நான் மேம் என்று கூப்பிட்டேன். இங்கேயும் மேம் என்றுதான் எழுதப் போகிறேன். அவருடைய பெயரை என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் அந்தப் பெயருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் வேண்டாம்.

சேர்ந்த முதல் நாள் மேம் என் கன்னத்தைத் தட்டி, "உம் பேரெல்லாம் இவா வாயில நுழையாதுடி. குட்டின்னு வெச்சுப்போம், என்ன?" என்றார். ஆறு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து வகுப்பில் குட்டி, விளையாட்டு மைதானத்தில் குட்டி, ஆண்டு விழா மேடையில் குட்டி. சிவந்த முகத்துப் பிள்ளைகளெல்லாம் அதை என் பெயர் என்றே நம்பினார்கள். என் உண்மையான பெயர் லூர்து மேரி. லூர்து பிரான்சில் இருக்கும் ஊர். மேரி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்கள் வாயில் இந்தப் பெயர் நுழையாதாம்! பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் நுழையாமல் இருந்த வாய் ஒன்றே ஒன்றுதான், அது மயிலாப்பூரிலிருந்து வந்த வாய். இது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின. உறைத்த நாளிலிருந்து வயிறு எரிகிறது.

நல்லது செய்யவே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் காலுக்கு முதல் ஷூ அவர் வாங்கித் தந்தது. மாலையில் அப்பா வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்வரை என்னைத் தன் அறையில் உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பார். பசிக்கிறதா என்று கேட்டு பிஸ்கட் தருவார். அதெல்லாம் உண்மை. அதே அறைக்கு விருந்தாளிகள் யாராவது வந்தால் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, இவள் எங்கள் டிரைவரின் மகள், எவ்வளவு அழகாக இங்கிலீஷ் பேசுகிறாள் பாருங்கள் என்று காட்டியதும் உண்மை. நான் ஒரு பாட்டைச் சொல்வேன், அவர்கள் கை தட்டுவார்கள். கதவுக்கு வெளியே வேன் சாவியோடு அப்பா நிற்பார். "வண்டிய எடுப்பா" என்று மேம் சொல்வார். அப்பா அவரைவிட வயதில் மூத்தவர். அப்பாவை வெறும் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அந்தப் பெயர் அங்கே பட்ட பாடு போதும் என்பதால் அதையும் நான் எழுதவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன். எங்கள் தெருவிலேயே அவ்வளவு தூரம் படித்தவள் நான்தான். கோபாலபுரம் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு ஆசிரியையாக வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் அதுதான்: ஒரு கரும்பலகை, எதிரே நாற்பது முகங்கள், நடுவில் யாரும் இல்லாமல் நான். சேர்வதற்கு முந்தின வாரம் மேம் அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். போனேன். "நம்ம ஸ்கூல் இருக்கச்சே நீ எதுக்குடி வெளியில போய் நிக்கணும்? கெமிஸ்ட்ரி சார் அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பறார். ஒரு வருஷம் அவருக்கு லேப்ல ஒத்தாசையா இரு. அப்புறம் கிளாஸ் உன்னோடதுதான். நீ நம்ம பொண்ணு" என்றார். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். நான் படித்த ஆய்வகத்தில் நானே பாடம் நடத்துவேன் என்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது? கோபாலபுரத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் ஒரு சுவர் முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு வெள்ளைக் கோப்பை, ஒவ்வொரு கோப்பையிலும் நீல எழுத்தில் ஒருவர் பெயர். பட்டமோ பதவியோ கிடையாது, அழைக்கும் பெயர் மட்டும். முதல்வராக இருந்த அமெரிக்கர் அதில் பிடிவாதமானவர். இங்கே எல்லோரும் சமம், எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோர் முன்னாலும் மேம் எனக்கு ஒரு கோப்பையைப் பரிசாகக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் குட்டி என்று எழுதியிருந்தது. இருபத்து மூன்று வயது, முதுகலைப் பட்டம், புடவை கட்டிக்கொண்டு நிற்கிறேன். சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

பெயர் சொல்லும் விஷயத்தில் நான் படு தோல்வி அடைந்தேன். முதல்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிட்டது, அவர் வேற்று நாட்டுக்காரர். மேமைக் கூப்பிட முடியவில்லை. வேதியியல் சார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நேற்று வந்த இருபத்திரண்டு வயது நீச்சல் பயிற்சியாளன் கூப்பிடுவான். மேம் சிரித்தபடி திரும்புவார். நான் மட்டும் கூட்டத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் "மேம்" என்று ஆரம்பிப்பேன், உடனே எல்லோர் முகத்திலும் ஒரு புன்னகை வரும். என் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்த கணத்தில் நான் ஆசிரியை இல்லை, யூனிஃபார்ம் போட்ட பிள்ளை. அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் பிள்ளை சொல்வதாகத்தான் கேட்பார்கள். மேம் ஒரு நாளாவது, என்னையும் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றவர்கள் விஷயத்தில் அவருக்கு அது நாகரிகம், என் விஷயத்தில் மட்டும் மரியாதைக் குறைவு.

ஒத்தாசை என்ற சொல்லுக்கு அந்த வருடத்தில் நன்றாக அர்த்தம் படித்தேன். காலையில் ஆய்வகத்தைத் திறப்பது, கரைசல்களைக் கலந்து வைப்பது, சார் பாடம் நடத்தும்போது சுவரோரம் நிற்பது, முடிந்ததும் சோதனைக் குழாய்களைக் கழுவி வைப்பது. இது போதாதென்று, பள்ளிக்கு எந்த விருந்தாளி வந்தாலும் பூக்கோலம் போட, குத்துவிளக்குத் துடைக்க, வெளிநாட்டுப் பெண்களுக்குப் புடவை கட்டிவிட நான்தான். "நம்ம பொண்ணுதானே, செய்வா" என்பார் மேம். வெளியாளிடம் ஒரு வேலை சொல்ல யோசிப்பார்கள், நேரம் இருக்கிறதா என்று கேட்பார்கள். நம்ம பொண்ணிடம் யார் கேட்பது? அம்மா ஒரு நாள் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். அமிலம் பட்டு நுனியெல்லாம் மஞ்சளாக இருந்தது. "இன்னா மேரி, எம்மாம் படிப்பு படிச்ச, அங்க போயி பாட்டில் கழுவிக்கினு கீற? கழுவுறதுன்னா இங்க குந்தி எனக்கு மீனக் கழுவிக் குடு" என்றாள். ஒரு வருடம்தான் அம்மா, அப்புறம் கிளாஸ் என்னுடையது என்றேன். அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அந்தம்மா சொன்னா சொன்னதுதான்" என்றார்.

அந்த வருடங்களில் நகரத்துக்கு வெளியே புதிதாகக் கார் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. வெளிநாட்டுப் பொறியாளர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். பள்ளியில் இடம் போதவில்லை. அப்படி வந்த ஒரு பொறியாளரின் மனைவி, பொழுது போகாமல், தினமும் பள்ளியைச் சுற்றி வருவார். நல்ல பெண், அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் என் கோப்பையைப் பார்த்துவிட்டு உன் முழுப் பெயர் என்ன என்று கேட்டார். அந்தப் பள்ளியில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. சொன்னேன். லூர்து மேரி என்று தெளிவாக, அழகாக, ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தன் அத்தைக்குக்கூட மேரி என்றுதான் பெயர் என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வேதியியல் சார் ஊருக்குப் போனார். கோடை விடுமுறைக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்துக்கு நான் நல்ல பருத்திப் புடவை ஒன்றைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். முதல் வகுப்பில் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். நூலகத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். முதல்வர் நடுவில், பக்கத்தில் மேம். யார் யாருக்கு எந்த வகுப்பு என்று மேம் படித்துக்கொண்டே வந்தார். வேதியியல் என்று வந்தபோது பொறியாளரின் மனைவி பெயரைச் சொன்னார். அவர் படித்தது வரலாறு. அந்தப் பெண்ணே திடுக்கிட்டு, எனக்கு இது பற்றி அதிகம் தெரியாதே என்றார். மேம் அவர் கையைத் தட்டி ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு ஒரு சொல் மாறாமல் ஞாபகம் இருக்கிறது: கவலையே வேண்டாம், நம் குட்டி இருக்கிறாள், அவள் எல்லாவற்றையும் தயார் செய்து தந்துவிடுவாள், இங்கேயே வளர்ந்த பெண், எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பாசத்தோடு சிரித்தார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

நான் மேமின் பெயரைச் சொன்னேன். மேம் இல்லை, மிஸ் இல்லை, பின்னால் ஒட்டு எதுவும் இல்லை. மொட்டையாக, அந்த அறையில் எல்லோரும் தினமும் சொல்வது போல. அந்த வகுப்பை எனக்குத் தருவதாக நீங்கள் சொன்னீர்கள் என்றேன். நான் வேறு யாருக்கும் உதவியாளராக இருக்க மாட்டேன் என்றேன். முழுதாகச் சொல்லி முடித்தேன்.

அறையில் யாரும் அசையவில்லை. அசையக் காரணமும் இல்லை, ஏனென்றால் அவர்கள் காதுக்கு எதுவுமே நடக்கவில்லை. ஓர் ஆசிரியை இன்னோர் ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு கருத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். முதல்வர், நல்ல விஷயம், பிறகு பேசலாம் என்று சொல்லிக் குறித்துக்கொண்டு, பேருந்துகள் வாசலில் நிற்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அங்கே என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். மேமின் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. காதில் இருந்த வைரத் தோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

கூட்டம் முடிந்ததும் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். தமிழில் பேசினார். திட்டும்போது அவருக்கும் தமிழ்தான். "பேரண்ட்ஸ் எதிர்பார்க்கறாடி. இத்தனை பணம் கட்டறவாளுக்குக் கிளாஸ்ல ஒரு வெளிநாட்டு முகம் வேண்டாமா? வெளியாளா இருந்தா நான் விளக்கம் சொல்லணும். நீ நம்ம பொண்ணு, புரிஞ்சுப்பேன்னு நெனச்சேன்" என்றார்.  அப்புறம்தான் அவருடைய உண்மையான கோபம் வெளியே வந்தது. "உங்கப்பன் இத்தனை வருஷமா இங்க வண்டி ஓட்டறான். ஒரு நாள் எம் பேரைச் சொல்லியிருப்பானா?"

ஓட்டறான். சொல்லியிருப்பானா. அந்த இரண்டு சொற்களின் வால்களையும் நான் இதுவரை மறக்கவில்லை. தமிழில் ஒரு மனிதனை அவமதிக்கத் தனியாக வசவு எதுவும் தேவையில்லை, வினைச்சொல்லின் கடைசி எழுத்தே போதும்.  "எங்கப்பா உங்களவிடப் பெரியவரு, மேம்" என்றேன்.

மேம்! எவ்வளவு கேவலம். அத்தனை கோபத்திலும் அந்தச் சொல் நாய்க்குட்டி போலப் பின்னாலேயே ஓடி வந்து நின்றது. அவரும் அதைக் கவனித்தார். முகம் அப்படியே இளகியது. என் தோளைத் தட்டி, "சரி சரி. லேப்பைப் பூட்டிண்டு போய் ரெஸ்ட் எடு. நாளைக்குப் பேசலாம்" என்றார். நான் சொன்னதில் அப்பாவைப் பற்றிய பகுதி அவர் காதில் விழவே இல்லை. கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது.

மறுநாள் நான் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்பாவுக்கு விஷயம் வேனிலேயே எட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "பேரச் சொல்லி கூப்ட்டியாமே" என்றார். நான் ஆமாம் என்றேன். அவர் என்னோடு பல நாள் பேசவில்லை. எங்களுக்கு வாழ்க்கை கொடுத்தவர் என்று அந்த அம்மாளை அவர் கடைசிவரை நம்பினார். மேம் தன் பெயரை மொட்டையாகக் கூப்பிட்டதும், அவன் இவன் கணக்கில் பேசியதும் அப்பாவுக்குக் காதில் விழாமல் இருந்திருக்காது. விழுந்தும் பொறுத்துக்கொண்டது எனக்காக. என்னால் மேமை மன்னிக்க முடியாததற்கு முதல் காரணம் இதுதான், வகுப்பு இரண்டாவது.

அம்மா வேறு மாதிரி. "பேரச் சொல்லிக் கூப்ட்டா இன்னா, வாயி வெந்துடுமா? நான் மார்க்கெட்டுல எத்தினி பேர கூப்புட்றேன்" என்றாள். கோப்பையை நான் கையோடு கொண்டு வந்திருந்தேன். அதைக் கொக்கியில் தொங்கவிட்டு வர மனம் வரவில்லை. அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. கடற்கரையிலிருந்து திரும்பியதும் அதில்தான் தேநீர் குடிப்பாள். இன்னா எழுதிக்கீது என்று கேட்டாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பேர்தாம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்களுக்கெல்லாம், "எம் பொண்ணு பேரு போட்டு குட்த்தாங்க, பெரிய இஸ்கூல்ல" என்று காட்டிக் காட்டிக் குடிப்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சில் முள் தைக்கும்.

அசோக் நகரில் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆய்வகத்தில் பாதிக் குழாய்களுக்கு வாய் உடைந்திருக்கும். கரும்பலகை இருந்தது, ஐம்பது முகங்கள் இருந்தன, நடுவில் யாரும் இல்லை. மேரி மிஸ் என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் அந்தப் பெயரைக் கேட்டு நான் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

தொண்ணூறுகள் முடியப்போகும் ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மாவும் நானும் புடவை எடுக்க லஸ் பக்கம் போனோம். கடை வாசலில் மேம், கூடவே அவர் வயதில் இன்னொரு பெண்மணி. என்னைப் பார்த்ததும் உண்மையிலேயே மகிழ்ந்தார். "குட்டி! எப்படிடி இருக்கே?" என்று கன்னத்தைத் தட்டினார். "நல்லா இருக்கேன், மேம்" என்றேன். என் வாய்க்குப் புத்தியே வராது. அவர் தன் தோழியிடம் திரும்பி, "இவ நம்ம குட்டி. எங்க டிரைவரோட பொண்ணு. நான்தான் இவளை வளர்த்து ஆளாக்கினேன்" என்றார். அம்மா என் பக்கத்திலேயே நின்றாள். கையில் புடவைப் பை. அவர் பார்வை அம்மாவின் மேல் பட்டு, அப்படியே வழுக்கிப் போனது.

 வீட்டுக்கு வந்து தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அம்மா கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "யார அந்தம்மா குட்டின்னு கூப்புட்டுது?"

"என்னத்தாம்மா."

"இதுல இன்னா எழுதிக்கீதுன்னு படி."

படித்தேன். அம்மா கொஞ்ச நேரம் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாதாகோயிலுக்கு தூக்கினு போயி நான் வெச்ச பேரு வேற" என்றாள். பிறகு எழுந்து போய், மீன் செதில் சுரண்டும் கத்தியை எடுத்து வந்து, கால்களை நீட்டி உட்கார்ந்து, கோப்பையை மடியில் இடுக்கிக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தாள். பீங்கானில் இரும்பு உரசும் அந்தச் சத்தம் பல்லைக் கூச வைத்தது. எந்த அமிலம் வைத்தால் அந்த நீலம் போகும் என்று எனக்குத் தெரியும். பல வருடங்களாகத் தெரியும். நான் வைக்கவில்லை. அப்பா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு எழுத்தாகப் போனது. கடைசி எழுத்தின் வால் மட்டும் போகாமல் அடம்பிடித்தது. அம்மா அதையும் விடவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது, நான் மறுபடி வைத்தேன். முடிந்ததும் கோப்பையைக் கழுவித் துடைத்து என்னிடம் நீட்டினாள். "இப்ப ஊத்து, மேரி" என்றாள்.

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. கோப்பை இருக்கிறது. தினமும் காலையில் அதில்தான் குடிக்கிறேன், கீறல் என் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு.